‘சும்மா விளையாடவிட்டு அனுப்புறாங்க’

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு எட்டு வயது. ஐந்து மாதத்துக்கு முன் என் மாமனார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பையன் அவரோடுதான் தூங்குவான், அவர் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவான். அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காரியங்களை முடித்தோம். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கிறோம். இரண்டு மாதமாகக் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. குழந்தைகள் டாக்டர் திருநெல்வேலியில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். மூன்று சனிக்கிழமை போய்விட்டோம். மணலும் பொம்மையும் கொடுத்து சும்மா விளையாடவிட்டு அனுப்புகிறார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன், ஒரு பொம்மையை மணலில் புதைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். இதற்கு எதற்குக் காசு, பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊரில் பேர் வாங்கவா என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

நிறுத்தாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. என் தங்கை மகளுக்காக ஒரு வருடம் அப்படி ஓர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான். நீங்கள் கதவு இடுக்கில் பார்த்தீர்களே, அதுதான் சிகிச்சை. எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து ‘உனக்கு என்னப்பா கவலை’ என்று கேட்டால் அவனுக்குச் சொல்ல வராது, ஆனால் ஒரு பொம்மையைப் புதைத்து, தோண்டி, திரும்பப் புதைத்துப் பார்க்க வரும். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லின் என்ற உளவியலாளர் 1940களிலேயே இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்: குழந்தைதான் வழிகாட்ட வேண்டும், பெரியவர் பின்னால் போக வேண்டும், அவசரப்படுத்தவே கூடாது. மூன்று சனிக்கிழமை என்பது அந்த அறையும் அந்த ஆளும் அவனுக்குப் பழகவே சரியாக இருக்கும்.

வயிற்றுவலி நடிப்பு இல்லை. பயத்தில் குடல் நிஜமாகவே முறுக்கிக்கொள்ளும், பரீட்சை நாளில் நமக்கெல்லாம் ஆகாததா? பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் வலி வருகிறதா என்று கவனித்து அந்த சைக்காலஜிஸ்டிடம் சொல்லுங்கள். அவனை வேறு வீட்டில் விட்டிருந்த நேரத்தில்தான் தாத்தா காணாமல் போனார். நாம் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் அம்மாவும் ‘ஊருக்கு’ப் போய்விட்டால் என்ன செய்வது என்று அவன் பயந்துகொண்டிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு நின்றுபோன இடம் அந்த ‘ஊருக்குப் போயிருக்கிறார்’தான். வீட்டில் தாத்தா படத்துக்கு மாலை போட்டிருப்பீர்கள்தானே? எட்டு வயதுப் பிள்ளைக்கு மாலை போட்ட படம் என்றால் என்னவென்று தெரியும். அவனுக்குத் தெரியாதது, ஏன் யாருமே தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான். அடுத்த முறை போகும்போது அவன் இல்லாமல் பத்து நிமிடம் அவர்களிடம் பேசி, எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டு, ‘தாத்தா இறந்துட்டாங்க, அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனி வர மாட்டாங்க’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தூங்குகிறார், சாமிகிட்டே இருக்கிறார் என்றெல்லாம் வேண்டாம், அப்புறம் பிள்ளை தூங்கப் பயப்படும். அவனோடு சேர்ந்து நீங்களும் அழுதால் பரவாயில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ‘உள்ளே என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே’ என்று மட்டும் துருவாதீர்கள். நான் துருவினேன். எங்கள் பிள்ளை அடுத்த இரண்டு வாரம் அந்த அறையில் வாயே திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை முழுசாக விட்டுவிடவும் வேண்டாம், வீட்டிலேயே இருக்க இருக்கப் போவது இன்னும் கஷ்டமாகிவிடும். வகுப்பு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, முதலில் அரை நாள் என்று ஆரம்பிக்க முடியுமா கேளுங்கள். காசு விஷயம் நிஜமான சிரமம்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். நடுராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவரும் துணையை இழந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தாத்தாவைப் பற்றிப் பேரனிடம் அவரைக் கதை சொல்லச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் ஆகும்.

அப்புறம், அந்த சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது? இன்னும் வீட்டில்தான் நிற்கிறதென்றால், அவனைக் கேட்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா