அந்தமானின் எந்தப் பிளவு?

அன்புள்ள அண்ணனுக்கு,

2025 மார்ச்சில் மியான்மரில் நிலநடுக்கம் வந்ததிலிருந்து எங்கள் காசிமேட்டில் இதே பேச்சுதான். அந்த நடுக்கத்தை உண்டாக்கிய நிலப்பிளவு கடலுக்குள் இறங்கி அந்தமான் வரை வருகிறதாம். அப்படியென்றால் 2004 மாதிரி சுனாமி மறுபடியும் வருமா? அந்தமான் எரிமலையால் உண்டான தீவு என்கிறார்களே, அது சரியா?

தேவராஜ், காசிமேடு

அன்புள்ள தேவராஜ்,

பிளவு கடலுக்குள் தொடர்வது உண்மை. ஆனால் 2004இல் அசைந்தது அது இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் அந்தமானில் தரை லேசாக ஆடினாலும் நம் கரையில் தூக்கம் போகிறது.

முதலில் தீவு. அந்தமானுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் அகழியில் இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமக்கும் பூமி ஓட்டின் பெரிய துண்டு, கீழே நுழைகிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் பொக்லைன் மணலைத் தள்ளும்போது முன்னால் மேடு குவியுமே, அப்படித்தான் கடலடி வண்டலும் பாறையும் சுரண்டப்பட்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து, மடிந்து, மேலே எழும்பின. அந்தமானின் பெரிய தீவுகள் அவைதான். எரிமலைகள் தனியாகக் கிழக்கே இருக்கின்றன. அவற்றில் பாரன் தீவு நீண்ட அமைதிக்குப் பிறகு 1991இல் மறுபடி சீறத் தொடங்கியது.

இந்தியத் தட்டு வடகிழக்காக நகர்கிறது. அகழியோ அங்கே கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. அதனால் மோதல் நேராக இல்லாமல் சாய்வாக நடக்கிறது, விசையும் இரண்டாகப் பிரிகிறது. கீழே நுழையும் பங்கு தீவுகளுக்கு மேற்கே. பக்கவாட்டில் உரசும் பங்கு கிழக்கே, அந்தமான் கடலுக்குள். 2025இல் அசைந்த மியான்மரின் சகாயிங் பிளவையும் சுமத்ரா பிளவையும் இணைப்பது இந்தக் கிழக்குத் தொடர்தான். நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு விட்டுக்கொடுத்தது மேற்குப் பக்கம். சுமத்ராவுக்கு அருகே தொடங்கி வடக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே எழுந்தன. தெற்கே கிரேட் நிக்கோபார் தீவின் கோடியில் உள்ள இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது. தரை இப்படி மேலும் கீழும் போனால்தான் அதன் மேலுள்ள மொத்தக் கடலும் எழும்பும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம் வந்ததே, சென்னையில்கூட மக்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடினார்களே, அன்று தரை பக்கவாட்டில்தான் நழுவியது. பெரிய அலை வரவில்லை. கடலடியில் மண் சரிந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

மறுபடியும் வருமா? வரும். என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே வந்த நடுக்கத்தின் அலையை அன்றைய சென்னைத் துறைமுகக் கருவியே பதிவு செய்திருக்கிறது. அது சின்ன அலை.

நமக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் இரண்டு மணி நேரம். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிட்டு அதன் அறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் படகைக் காப்பாற்ற யாரும் துறைமுகத்துக்கு ஓட வேண்டாம். ஆழ்கடலில் இந்த அலை படகைக் கவிழ்க்காது, கரையருகேதான் உயரும். அதனால் தொழிலுக்குப் போயிருப்பவர்கள் ஆழத்திலேயே நிற்கட்டும், அனுமதி வந்த பிறகு திரும்பட்டும். இதை உங்கள் லாஞ்சுக்காரர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.