கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளி

கேள்வி: அண்ணை, கறுப்புக் காரைக் கிணற்றுத் தண்ணியிலை கழுவினால், காய்ந்ததும் ஒரே வெள்ளைப் புள்ளி. சுத்திகரித்த தண்ணி வாங்கிக் கழுவலாமோ?
– வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, எங்கடை யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். தண்ணி ஆவியாக, அதில் கரைஞ்சிருந்த கல்சியம் பெயின்ரிலை ஒட்டி நிற்குது. கேத்திலுக்குள்ளை படியிற அதே வெள்ளைதான். கார் முழுக்க ஆர்.ஓ. தண்ணியிலை, அதுதான் நுண்சவ்வாலை வடிச்சுச் சுத்திகரிச்ச தண்ணியிலை, குளிப்பாட்டுறது வீண் செலவு. ஷாம்பூ, நுரை எல்லாம் கிணற்றுத் தண்ணியிலேயே முடியட்டும். பொனற் காய முதல், கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணியைக் காரின்ரை கூரையிலிருந்து மெதுவாய் வார்த்துவிடும். அதிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சும்; மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடும். துடைக்காமலே காயவிட ஆசையெண்டால் கரைஞ்ச உப்பெல்லாம் எடுத்த, அயன் (ion) நீக்கின தண்ணிதான் வேணும். மத்தியான வெயிலிலை கழுவவே வேண்டாம். மாரியில் வீட்டுக் கூரைப் பீலித் தண்ணி சும்மா ஓடுதே, முதல் மழையை விட்டிட்டுப் பிடிச்சு வையும்.