பிளஸ் டூவில் இருக்கும்போதே நர்சிங்குக்கும் என்கிளெக்ஸுக்கும் எப்படித் தயாராவது?

கேள்வி: "கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு படிக்கிறேன். பி.எஸ்சி நர்சிங் முடித்து, அமெரிக்க லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸ் எழுத ஆசை. இப்போதே கேள்வி வங்கி வாங்கிப் படிக்கத் தொடங்கலாமா?"

வேண்டாம். அந்தப் பணத்தைக் கல்லூரியின் கடைசி வருடத்துக்கு எடுத்து வையுங்கள். என்கிளெக்ஸ் ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் முன்னால் வைத்து, "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிற தேர்வு. உடலியங்கியல் தெரியாமல் கேள்வி வங்கியைப் புரட்டினால் விடை மட்டும்தான் நினைவில் நிற்கும். கேள்வியில் ஓர் எண் மாறினால் அந்த விடையும் உதவாது. இப்போதே கைவைக்க வேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன.

முதல் வேலை உங்கள் பெயர். சிரிக்காதீர்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டு விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இன்ஷியலில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கவிதா செ', ஆதாரில் 'செ. கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்' என்று மூன்று விதமாக இருந்தால், சான்றுகளைச் சரிபார்க்கும் அமைப்பு விளக்கம் கேட்டுக் கோப்பை நிறுத்திவிடும். தேர்வு நாளிலும் இதே கதைதான். அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு அப்படியே பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய கட்டணமும் போய்விடும். அதனால் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிளஸ் டூ நாமினல் ரோல் (தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல்) அனுப்பும் முன் தலைமையாசிரியரிடம் சொன்னால் பிழையைத் திருத்துவது எளிது. மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு அது மாதக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடாமல் இன்ஷியலின் விரிவை (பெரும்பாலும் அப்பா பெயர்) எழுதுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசாவில் முன்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' ('முன்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும், அதன்பின் ஒவ்வொரு ஆவணத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சான்றிதழில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் விரிவு என்ற வித்தியாசம் தவிர்க்க முடியாததானால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்லூரி. பி.எஸ்சி நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சம் 45 சதவீதம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி நர்சிங்குக்கு நீட் மதிப்பெண் வேண்டும். "டாக்டருக்குத்தானே நீட்" என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டால், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள அந்த வாய்ப்பு அந்த வருடத்துக்கு இல்லை. புதுச்சேரியின் மற்ற கல்லூரி இடங்கள் அங்குள்ள அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நிரம்புகின்றன. அங்கே இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்கான ஒதுக்கீடு கடலூர்க்காரர்களுக்குப் பொருந்தாது.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்க்கும் முன் மருத்துவமனையைப் பாருங்கள். பி.எஸ்சி நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. படுக்கை எத்தனை என்று கேட்டால் போதாது, தினமும் அதில் எத்தனை நிரம்புகிறது என்றும் கேளுங்கள். வெளிநாட்டுச் சான்று மதிப்பீட்டில் பெரியவர்களுக்கான மருத்துவ–அறுவை நர்சிங், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகியவற்றில் வகுப்பு மணி, வார்டு மணி இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். மனநலப் போஸ்டிங் பெயரளவுக்கு மட்டும் இருந்தால் அது டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் பாடவாரிப் பதிவில்) வெளிச்சமாகிவிடும், படிப்பு முடிந்தபின் அந்த மணிகளை ஈடுகட்டுவது பெரும்பாடு. வார்டுப் பயிற்சியைக் குறிக்கும் லாக்புக்கை அன்றன்றே எழுதி, அந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள். 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ். ஏப்ரலில் தொடங்கினால் அக்டோபரில்தான் முடியும். வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்துவது அதற்கு முன்பே நடக்கலாம். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்து, 10 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று உறுதிசெய்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வேலைக்கு எடுப்பவர்கள் அதைக் கேட்பார்கள்.

இனி படிப்பு. பிளஸ் டூ விடுமுறையில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் மருந்துக் கணக்கைப் பழகுங்கள். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான், ஆனால் தடுமாறுகிற இடம் எப்போதும் அலகில் இருக்கிறது. 1000 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட் ஒரு மி.லி.க்கு 20 துளி. 1000 × 20 ÷ 480 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. செட் உறையில் உள்ள எண்ணைப் பார்க்காமல், பழக்கத்தில் 15 என்று போட்டுக் கணக்கிட்டால் 31 துளி வரும், பாட்டில் தீர 10 மணி 45 நிமிடம் ஆகும்.

குழந்தைகள் மருந்தில் பிழை இன்னும் ஆபத்தானது. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாரசிட்டமால் 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால் 7.5 மி.லி., 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றால் 3.6 மி.லி. பாட்டிலை மாற்றி எடுத்து அதே 7.5 மி.லி. கொடுத்தால் 375 மி.கி. போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். இன்சுலினிலும் இதே வம்பு உண்டு. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் பார்க்கும் குப்பி மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அமெரிக்காவில் மி.லி.க்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். தினமும் பத்துக் கணக்கு, பேனாவால், அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதிப் போடுங்கள். நடுவில் முழு எண்ணாக்காமல் கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் உடற்கூறியலையும் உடலியங்கியலையும் "பாஸானால் போதும்" என்று கடக்காதீர்கள். மூன்று வருடம் கழித்து வரும் கேள்வி அங்கேதான் வேர் விட்டிருக்கும். ஃப்ரூஸமைடு (சிறுநீரை அதிகமாக்கும் மருந்து) சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் என்ற இதய மருந்து இதயத்தில் கூடுதலாக வேலை செய்யும், நச்சுத்தன்மை வரும். இரண்டு மருந்தும் எடுக்கும் நோயாளிக்குப் பொட்டாசியம் 2.9, குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம் என்று கேள்வி வந்தால், 3.5 முதல் 5.0 வரை இயல்பு என்ற எண் மட்டும் தெரிந்தவர் தயங்குவார். காரணம் புரிந்தவர் டிகாக்ஸினை நிறுத்தி வைத்து டாக்டரை அழைப்பார்.

தமிழ் வழியில் படித்தவராக இருந்தால் முதல் மாதங்கள் சிரமம்தான், ஆனால் மருத்துவச் சொற்கள் துண்டு துண்டாக ஒட்டியவை. நூறு முன்னொட்டு, பின்னொட்டு தெரிந்தால் பாதிப் புத்தகம் திறந்துகொள்ளும். 'ஹைப்போ' (குறைவு), 'ஹைப்பர்' (அதிகம்) இரண்டையும் காதில் கேட்டாலும் கண்ணால் பார்த்தாலும் குழம்பாத அளவுக்குப் பழகிவிடுங்கள்.

வார்டுக்குப் போகத் தொடங்கியதும் தினம் ஒரு நோயாளியை என்கிளெக்ஸ் கேட்கும் ஆறு படியில் எழுதிப் பாருங்கள்: எந்த அறிகுறி முக்கியம், அதற்கு என்ன பொருள், எது முதலில், என்ன செய்யலாம், எதைச் செய்தோம், பலன் தெரிந்ததா. அறுவை முடிந்த மறுநாள் வெப்பம் 99.4, நாடி 124, அழுத்தம் 90/60, சிறுநீர் மணிக்கு 20 மி.லி. என்றால் புதியவர்களின் கண் காய்ச்சலில் போய் நிற்கும். ஆபத்து மற்ற மூன்றில் இருக்கிறது, உள்ளே ரத்தம் கசியலாம்.

நம் மாணவர்கள் தடுக்கி விழும் இன்னொரு பகுதி வேலையைப் பிரித்துக் கொடுப்பது. நம் வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் பல வேலை செய்வதால் இது பழக்கத்தில் வராது. அமெரிக்காவில் உதவியாளரிடம் குளிப்பாட்டுவதையும், நிலையான நோயாளியின் நாடி பார்ப்பதையும் விடலாம். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது, பலனைக் கணிப்பது மூன்றும் பதிவு பெற்ற நர்ஸின் கையில்தான்.

ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்ஸை இரண்டாம் வருடத்தில் எழுதிவிட வேண்டாம். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், விண்ணப்பம் நகரும்போது காலாவதியாகிவிடும். ஆங்கிலம் பேசுவதை இப்போதே பழகுங்கள், தேர்வைப் பிறகு எழுதுங்கள். பட்டம் வந்ததும் தாமதிக்காமல் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள், அது இல்லாமல் வெளிநாட்டு விண்ணப்பம் எதுவும் நகராது. அந்த விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் தமிழக அரசு நர்ஸ் பணிக்கான எம்.ஆர்.பி தேர்வையும், எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் பணித் தேர்வான நார்செட்டையும் எழுதலாம், படிப்பு பெரும்பாலும் ஒன்றே. எம்.ஆர்.பி.யில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் வேண்டும், அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

என்கிளெக்ஸில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். சென்னையிலேயே எழுதலாம். உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும், பின்னால் போய்த் திருத்த முடியாது. 85ஐத் தாண்டி ஓடினால் தோல்வி என்று பொருளில்லை, கணினி இன்னும் முடிவெடுக்கவில்லை, அவ்வளவே. தேறாமல் போனால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். அப்போது தரப்படும் அறிக்கையில் ஒவ்வொரு பகுதியும் தேர்ச்சி அளவுக்கு மேலா, அருகிலா, கீழா என்று இருக்கும். 'கீழே' என்றிருக்கும் பகுதிகளிலிருந்து படிப்பைத் தொடங்குங்கள்.