‘கேப்டிவிட்டி’யை விமர்சகர்கள் வெறுத்தது ஏன்? கேள்வி பதில்

ரோலண்ட் ஜோஃபே இயக்கி 2007 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான ‘கேப்டிவிட்டி’, மயக்க மருந்து கொடுத்துக் கடத்தப்பட்டு, ஓர் அறையில் அடைத்துச் சித்திரவதை செய்யப்படும் விளம்பர மாடல் ஒருத்தியின் கதை. அந்தப் படத்துக்கும் அதைப் போன்ற பிற படங்களுக்கும் கிடைத்த விமர்சன வரவேற்பைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்ற வரை பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதிலில் கதையின் முக்கியமான திருப்பம் வெளிப்படுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ எடுத்தவரா இப்படி ஒரு படத்தை எடுத்தார்? நம்பவே முடியவில்லை.

அவரேதான். 1984இல் அந்தப் படத்துக்கும், 1986இல் ‘தி மிஷன்’ படத்துக்கும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றவர் அவர். பின்னது கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த விருதையும் வென்றது. விமர்சகர்களின் கோபத்தில் பாதி அதனாலேயே வந்தது என்பது என் எண்ணம், ஏனெனில் பெயர் தெரியாத ஒருவர் எடுத்திருந்தால் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் திரையில் நாம் பார்ப்பது ஒரே மனத்திலிருந்து பிறந்த படமன்று. மாஸ்கோவில் படமாக்கப்பட்டபோது அது பெரும்பாலும் உளவியல் பதற்றத்தை நம்பிய கதையாக இருந்தது. ‘சா’, ‘ஹாஸ்டல்’ போன்ற படங்கள் வசூலைக் குவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்க வெளியீட்டுக்காகச் சித்திரவதைக் காட்சிகள் பின்னர் எடுத்துச் சேர்க்கப்பட்டன. ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிகிறது. மனித உறுப்புகளை அரைத்து அவள் வாயில் ஊற்றும் காட்சி ஒன்று வருகிறது. இத்தனைக்கும் ஆளான அந்தப் பெண், சற்று நேரத்திலேயே அடுத்த அறையில் இருக்கும் கைதியிடம் காதல் வயப்பட்டு அவனோடு கூடுகிறாள். அவனே கடத்தியவர்களில் ஒருவன் என்ற திருப்பம் அதற்குப் பிறகு வருகிறது. உடலுக்கு நேர்ந்த எதுவும் அவள் மனத்தில் பதியாதபோது, பார்ப்பவர் மனத்தில் மட்டும் எப்படிப் பதியும்?

கேள்வி: படம் வெளிவரும் முன்பே விளம்பரப் பலகை பெரிய சர்ச்சையானதாகக் கேள்விப்பட்டேன். அதில் அப்படி என்ன இருந்தது?

2007 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களிலும் நியூயார்க் டாக்சிகளின் மேலும் அந்த விளம்பரம் வைக்கப்பட்டது. அதில் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல். ‘கடத்தல்’ என்ற கட்டத்தில் கறுப்புக் கையுறை அணிந்த கை ஒன்று அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தியிருக்கும். ‘அடைப்பு’ என்பதில் கம்பி வலைக்குப் பின்னால் இரத்தம் கசியும் விரல். ‘சித்திரவதை’ என்பதில் வெள்ளைக் கட்டுக்குள் புதைந்த முகமும், மூக்கில் செருகிய குழாய்களில் ஓடும் சிவப்பும். ‘முடிவு’ என்பதில் உயிரற்றுத் தலை தொங்கிக் கிடக்கும் உடல். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் கண்ணில் படும் உயரத்தில் இவை நின்றன.

அமெரிக்கத் திரைப்படச் சங்கம் அந்த விளம்பரத்தை முன்பே நிராகரித்திருந்தது. தவறான கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டதாகப் படத்தை வெளியிட்ட நிறுவனம் விளக்கம் தந்தது. சங்கம் அதை ஏற்காமல், படத்துக்குத் தரச்சான்று வழங்கும் வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. தொலைக்காட்சித் தொடர்களால் அறியப்பட்ட ஜாஸ் வீடன், தரச்சான்றே தரக் கூடாது என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இறுதியில், 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்னும் ‘ஆர்’ சான்றுடன் வெளியான படம், முதல் வார இறுதியில் சுமார் 14 லட்சம் டாலர் மட்டுமே ஈட்டியது. விமர்சகர்கள் அந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொண்டே திரையரங்குக்குள் சென்றார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அது படத்துக்கு நியாயமா என்றால், படம் தந்தது அந்த நான்கு கட்டங்களைத் தாண்டிப் பெரிதாக எதுவுமில்லை என்பதே என் மதிப்பீடு.

கேள்வி: விமர்சகர்களுக்கு இரத்தம் என்றாலே ஆகாது. திகில் ரசிகர்களின் ரசனையை அவர்கள் எப்போதும் இழிவாகத்தானே பார்க்கிறார்கள்?

இந்த மனக்குறையை நான் நன்கு அறிவேன், ஏனெனில் நானும் திகில் படங்களின் ரசிகன். ஆனால் சான்றுகள் வேறு மாதிரி இருக்கின்றன. புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் வெஸ் கிரேவன் எடுத்த ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’ படத்தில் இரண்டு பெண்கள் கடத்தப்பட்டுக் கொடூரமாகக் கொல்லப்படுகிறார்கள். பிரிட்டன் தணிக்கைக் குழு 1974இல் சான்று மறுத்து, 2008இல்தான் வெட்டின்றி அனுமதித்தது. அந்தப் படத்துக்கு ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அதே ஈபர்ட், 2005இல் ஆஸ்திரேலியாவின் கிரெக் மெக்லீன் எடுத்த ‘வுல்ஃப் கிரீக்’ படத்துக்கு ஒரு நட்சத்திரமும் தரவில்லை. கோடு ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று தமக்குத் தெரியாவிட்டாலும் இந்தப் படம் அதைத் தாண்டிவிட்டது என்ற பொருளில் எழுதினார்.

கிரேவனின் படத்தில் ஓர் இடம் என்னை விட்டு அகலவே இல்லை. காட்டில் அந்தக் கொடுமையைச் செய்து முடித்த பிறகு, குற்றவாளிகள் கையில் ஒட்டிய இரத்தத்தையும் புல்லையும் துடைத்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நிற்கிறார்கள். செய்தவர்களுக்கே தாங்கவில்லை. அந்தச் சில நொடிகளில் வன்முறை காட்சிப் பொருளாக இருப்பதை விட்டு ஒரு செயலாக, விளைவுள்ள செயலாக, மாறிவிடுகிறது. நல்ல விமர்சகர்கள் தேடுவது இதைத்தான். இரத்தத்தின் அளவை அவர்கள் அளப்பதில்லை.

‘வுல்ஃப் கிரீக்’ விஷயத்தில் மட்டும் நான் ஈபர்ட்டோடு முரண்படுகிறேன். ஏறத்தாழப் படத்தின் முதல் பாதி முழுவதும் மூன்று இளம் பயணிகளின் சிரிப்பும் தயக்கமும் மெல்லத் துளிர்க்கும் காதலும்தான். ஆகவே பின்னர் அவர்கள் கதறும்போது நமக்குத் தெரிந்த மனிதர்கள் கதறுகிறார்கள். ஆஸ்திரேலியத் தொடர் கொலைகாரன் இவான் மிலாட்டின் கொலைகளையும் 2001இல் பிரிட்டன் பயணி பீட்டர் ஃபால்கோனியோ காணாமல் போன வழக்கையும் தழுவிய படம் என்பதால், ஃபால்கோனியோ வழக்கு விசாரணை நடந்த ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். உண்மையான குடும்பங்களின் துயரத்தைத் தொட்ட படம் என்பது என்னையும் உறுத்துகிறது. ஆயினும் ‘கேப்டிவிட்டி’யோடு அதை ஒரே தட்டில் வைப்பது தவறு.

கேள்வி: ‘ராட்டன் டொமேட்டோஸ்’ விழுக்காட்டை நம்பலாமா?

விமர்சனங்களைத் திரட்டும் அந்த இணையதளம் எதைக் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொண்டு நம்பலாம். ஒவ்வொரு விமர்சனமும் சாதகமா பாதகமா என்று மட்டுமே எண்ணப்படுகிறது. ‘கேப்டிவிட்டி’க்குப் பத்தில் ஒன்று என்ற அளவில்தான் சாதகம், அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ‘வுல்ஃப் கிரீக்’ ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஆனால் இந்தப் பாதிக்குப் பாதி என்பது ‘சுமாரான படம்’ என்று பொருள்படாது. சிலர் போற்றினார்கள், சிலர் அருவருத்தார்கள், நடுவில் நின்றவர்கள் குறைவு. அமெரிக்கத் திரையரங்குகளில் பார்வையாளரிடம் கருத்துக் கேட்கும் ‘சினிமாஸ்கோர்’ நிறுவனம் ‘வுல்ஃப் கிரீக்’ படத்துக்குக் கடைசித் தரமான ‘எஃப்’ கொடுத்தது. கிறிஸ்துமஸ் அன்று வெளியிட்டார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ராஸ்ஸி விருதுப் பரிந்துரைகளை விமர்சனமாகக் கொள்ளலாமா?

வேண்டாம். மோசமான படங்களுக்கும் கலைஞர்களுக்கும் கேலியாகத் தரப்படும் விருது அது. ‘கேப்டிவிட்டி’யின் இயக்குநருக்கும் நாயகி எலிஷா கத்பெர்ட்டுக்கும் பரிந்துரைகள் கிடைத்தன. ஆனால் கத்பெர்ட் தமக்குக் கிடைத்த பாத்திரத்தை உழைத்தே நடித்தார். குறை எழுத்தில் இருந்தது.

கேள்வி: ‘டார்ச்சர் போர்ன்’ என்ற சொல்லை யார் உருவாக்கினார்கள்? பொருத்தமான சொல்தானா?

விமர்சகர் டேவிட் எடெல்ஸ்டீன் 2006 தொடக்கத்தில் ‘நியூயார்க்’ இதழில் எழுதிய கட்டுரை வழியாகப் பரவியது. சித்திரவதையை இன்பக் காட்சிபோல் காட்டும் படங்கள் என்பது பொருள். அந்தக் கட்டுரை உண்மையில் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வியாக இருந்தது. இதை ஏன் பார்க்கிறோம் என்று. பிறகு வந்தவர்கள் கேள்வியை விட்டுவிட்டு முத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். படத்தைப் பார்க்காமலே ஒதுக்குவதற்கு அது வசதியாகிவிட்டதால் நான் அந்தச் சொல்லைக் கூடுமானவரை தவிர்க்கிறேன்.

கேள்வி: எனக்கு இரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். ஆனாலும் விமர்சகர்கள் பாராட்டிய ஒரு கடத்தல் படத்தைப் பார்க்க ஆசை. எதைப் பார்க்கலாம், ஐயா?

ஜார்ஜ் ஸ்லைசர் இயக்கிய ‘ஸ்போர்லோஸ்’, 1988, நெதர்லாந்து. பிரான்சில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பெண்ணொருத்தி காணாமல் போகிறாள். இரத்தம் அநேகமாக இல்லை. கடத்தியவன் ஒரு வேதியியல் ஆசிரியன். மயக்க மருந்தின் வேலையை முதலில் தன்மீதே சோதித்துப் பார்க்கிறான், தன் நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கிறான். வீட்டுக் கணக்கு எழுதும் நிதானத்தோடு அவன் ஒத்திகை பார்ப்பதைக் கண்டு நான் உறைந்துபோனேன். ஆங்கிலத்தில் ‘தி வேனிஷிங்’ என்ற பெயரில் கிடைக்கும். அதே இயக்குநர் 1993இல் ஹாலிவுட்டுக்காக அதே பெயரில், முடிவை மாற்றி மறுபடி எடுத்த படமும் இருக்கிறது. அதை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள், அதுவும் காரணத்தோடுதான். ஆகவே பார்க்கத் தொடங்கும் முன் ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.