கொலையாளியைத் தேடும் த்ரில்லர் நாவலுக்கு வாசகர்கள் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்களே, எதை நம்பி வாங்குவது?

ஒரே நாவலுக்கு ஒருவர் "அபாரம்" என்கிறார், ஒருவர் "பாதியிலேயே கொலையாளி தெரிந்துவிட்டது" என்கிறார், இன்னொருவர் "முடிவு ஏமாற்றுவேலை" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

மூன்றில் கனமான புகார் கடைசியில் சொன்னதுதான். ஆனால் எழுத்தாளர் தடயத்தை ஒளித்தாரா, வாசகர் கவனிக்காமல் தாண்டினாரா என்று பிரித்துப் பார்க்காமல் அதை எழுதிவிடுகிறார்கள். பிரித்துப் பார்ப்பது எளிது. துப்பறிவாளர் எந்தத் தடயத்தை வைத்துக் கொலையாளியை நெருங்கினார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு முந்தைய அத்தியாயங்களில் அதைத் தேடுங்கள். மின்நூலாக இருந்தால் அந்தப் பொருளின் பெயரைத் தட்டினாலே போதும். குட்டு உடைவதற்கு முன்பே எங்காவது வந்திருந்தால் எழுத்தாளர் நேர்மையாக விளையாடியிருக்கிறார்.

நல்ல நாவலில் தடயம் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: "மேசையில் மூக்குக்கண்ணாடி, மருந்துச் சீட்டு, இடக்கைக் கத்தரிக்கோல், ஆறிப்போன தேநீர். அவர் கோப்பையைத் தொடப்போகும்போது தொலைபேசி அலறியது." தடயம் கத்தரிக்கோல். பட்டியலின் நடுவில் இருக்கிறது. கண் கோப்பையில் நிற்கிறது. உடனே ஒரு பரபரப்பு வந்து மொத்தத்தையும் அழித்துவிடுகிறது. இருநூறு பக்கம் கழித்து, வலக்கையில் கையெழுத்துப் போடும் ஒருவரின் வீட்டில் அந்தக் கத்தரிக்கோல் எப்படி வந்தது என்ற கேள்வி எழும்போது, நமக்கு வரவேண்டிய உணர்வு "பார்த்தேனே, விட்டுவிட்டேனே" என்பதுதான். "இது எப்போது சொன்னார்கள்?" என்று தோன்றினால் அந்த ட்விஸ்ட் தோற்றுப்போன ட்விஸ்ட்.

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், அத்தகைய கதைகளுக்கென்று 1929இல் வகுத்த பத்து விதிகளில் இது இருக்கிறது: துப்பறிவாளர் கண்ட தடயம் உடனே வாசகர் பார்வைக்கும் வர வேண்டும். முதல் விதி, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், ஆனால் அவர் மனவோட்டத்தை வாசகர் பின்தொடர்ந்திருக்கக் கூடாது. இன்றைய தொடர்கொலை நாவல்கள் இதன் பின்பாதியை வேண்டுமென்றே மீறுகின்றன. பெயர் சொல்லாமல் கொலையாளியின் மனசுக்குள்ளிருந்து இடையிடையே அத்தியாயங்கள் வரும். அது தப்பில்லை. அதே ஆள் இன்னொரு அத்தியாயத்தில் சொந்தப் பெயரோடு வந்து, அவர் நினைப்பதையெல்லாம் நாம் படிக்க, கொலையை மட்டும் அவர் நினைக்கவே இல்லை என்றால் அது மோசடி. "ஏமாற்றுவேலை" என்று எழுதுகிறவர் இதைச் சுட்டிக்காட்டினால் நம்புங்கள்.

"பாதியிலேயே தெரிந்துவிட்டது" என்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வேலையில்லாத பாத்திரம். நாலைந்து காட்சிகளில் ஒருவர் அன்பாக வந்துபோகிறார், அவரை எடுத்துவிட்டாலும் கதை நகர்கிறது என்றால், பழகிய வாசகர் அவரைப் பிடித்துவிடுவார். தேர்ந்த எழுத்தாளர் கொலையாளிக்குக் கதையில் வேறொரு உண்மையான வேலை கொடுத்திருப்பார். கொலையாளி யாரென்று முதலிலேயே காட்டிவிட்டு, எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஓடும் நாவலுக்கு இந்தப் புகாரே பொருந்தாது.

"தடயவியல் தப்பு" என்ற விமர்சனங்களைக் கொஞ்சம் அலசிப் பார்க்க வேண்டும். மரண விறைப்பு பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளித்தெரியத் தொடங்கி, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, பிறகு மெல்லத் தளரும். வெப்பத்தில் இது வேகமாகும், குளிரில் தாமதமாகும். ஆகவே பிரேதப் பரிசோதனை மருத்துவர் "11.40க்கு இறந்தார்" என்று சொல்ல முடியாது, ஒரு கால இடைவெளியைத்தான் சொல்வார். குளோரோபாம் கைக்குட்டையில் நொடியில் யாரும் மயங்குவதில்லை, சில நிமிடங்கள் பிடிக்கும். கைரேகைக் கணினி ஒத்துப்போகக்கூடியவற்றின் பட்டியலைத் தரும்; ஒப்பிட்டு முடிவு சொல்வது நிபுணர். போகிற போக்கில் வரும் பிழையை மன்னித்துவிடலாம். ஒருவர் தப்பிப்பதோ சிக்குவதோ அந்த 11.40ஐ நம்பியே இருந்தால் புதிரின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிடுகிறது.

கொலைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கொலை செய்யும் முறை பழகப் பழக மாறும். கொலைக்குத் தேவையே இல்லாமல், மன நிறைவுக்காகச் செய்யும் காரியம் அவ்வளவு எளிதில் மாறாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, எல்லாச் சடலத்திலும் ஒரே கயிறு, ஆகவே ஒரே ஆள் என்று துப்பறிவாளர் முடிவுகட்டும் நாவல்கள் ஏராளம். சக அதிகாரியாவது "கயிறு யார் வேண்டுமானாலும் வாங்கலாமே" என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். அந்தக் கேள்வி இல்லாத நாவலில் விசாரணை இல்லை, துரத்தல் மட்டும்தான் இருக்கும்.

வாங்குவதற்கு முன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளைப் படியுங்கள். பிடித்ததும் பிடிக்காததும் சேர்ந்து வருவது அங்கேதான். தொடர் நாவல் என்றால் எத்தனையாவது பாகம் என்று பார்த்துவிடுங்கள், நடுவில் நுழைந்து "பாத்திரங்கள் ஒட்டவில்லை" என்று எழுதியவர்கள் நிறையப் பேர். பிறகு இலவச மாதிரியைத் திறந்து, முதல் சடலம் கிடைக்கும் காட்சியை மட்டும் படியுங்கள். ரத்தத்தை மூன்று பத்தி வர்ணித்துவிட்டு, அறையில் என்னென்ன இருந்தன என்று ஒரு வரிகூட இல்லையென்றால் வேறு புத்தகம் தேடலாம்.