அண்டி ஆபீஸைப் பூட்டிவிட்டு மூன்று மாதக் கூலி தருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) 19 வருடமாக முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிறேன். மொத்தம் 140 பேர். ‘ஆப்பிரிக்கக் கொட்டைக்கு வரி, வியட்நாம் பருப்போடு போட்டி, போதாக்குறைக்கு உங்கள் சங்கத்தின் ஸ்டிரைக்’ என்று சொல்லி முதலாளி பூட்டிவிட்டார். மூன்று மாதக் கூலி தருவாராம். ‘இனி பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலாளி சொல்வதில் பாதி உண்மைதான். இறக்குமதி முந்திரிக் கொட்டைக்கு 2016 பட்ஜெட்டில் 5 சதவீத வரி வந்தது. 2018-ல் அது 2.5 ஆகக் குறைந்தது. வியட்நாம் இயந்திரங்களை இறக்கிப் பருப்பு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. கொல்லத்தில் எத்தனையோ ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. ஆனால் அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் எழுத முடியாது.

மூன்று மாதம் என்பது அவர் சும்மா சொன்ன எண் அல்ல. முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய, தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீடு மூன்று மாதச் சராசரிக் கூலியைத் தாண்டாது என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. பணக் கஷ்டம், நஷ்டம், விற்காத சரக்கு ஆகியவற்றை மட்டும் காட்டி அந்தச் சலுகையைக் கேட்கக் கூடாது என்று அதே இடத்தில் விளக்கமும் இருக்கிறது. அதை மட்டும் யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஆக, உங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிக் கூலி. 19 வருடத்துக்கு 285 நாள். அவர் நீட்டுவது 90 நாள்! கிராஜுவிட்டி இதில் சேராது, அது தனி.

‘வருடத்தில் 240 நாள்கூட நீ வேலைக்கு வரவில்லையே, அது தொடர் சேவை ஆகாது’ என்பார்கள். கொட்டை வராமல் ஆபீஸ் சும்மா கிடந்த நாட்கள் உங்கள் தப்பல்ல. அவற்றால் தொடர் சேவை அறுந்துபோகாது. சட்டப்படி நடந்த வேலைநிறுத்தமும் அப்படித்தான்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. முன்பு 100 பேர் இருந்தாலே மூடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், உங்களைப் போன்ற நடுத்தர ஆலைத் தொழிலாளர்களுக்குத்தான் இதில் பெரிய அடி. 140 பேருக்கு அனுமதி தேவையில்லை. ஆனாலும் 60 நாள் முன்பே அரசுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தாரா என்று சங்கம் மூலம் நாகர்கோவில் தொழிலாளர் துறையில் எழுதிக் கேளுங்கள். இழப்பீட்டுக்கும் அங்கேயே மனுக் கொடுங்கள். தாமதிக்க வேண்டாம்.

கைச்செலவுக்குப் பணம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், ‘மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டு வாங்குங்கள். அதற்கு ஒப்பவில்லையென்றால் வாங்க வேண்டாம். அப்புறம் பிஎஃப் கணக்கு, இஎஸ்ஐ அட்டை, கிலோ கணக்கு எழுதிய எடைச் சீட்டுகள், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கறை படிந்து மங்கிய சீட்டாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள்.