வெறும் வயிற்றில் சர்க்கரை 115, ஆனால் ஹெச்பிஏ1சி 7.8: எது தப்பு?

உங்கள் அம்மாவின் இந்த இரண்டு அளவுகளில் எது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்குச் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுகிறது, காலையில் மட்டும் பார்ப்பதால் அது தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் டேவிட் நாதனின் குழு 507 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கணக்கு இது: ஹெச்பிஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரி சர்க்கரை. 7.8-க்குச் சுமார் 177. காலை 115-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

சரி, ஒரு வாரம் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். ஒரு நாள் இட்லிக்கு, ஒரு நாள் மதியச் சோற்றுக்கு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரல் அளவைக் கூட்டிக் காட்டும்.

அப்புறம், இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையிலும் ஹெச்பிஏ1சி கூடுதலாக வரலாம். ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.